தானத்து மாட்டின் பல்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். அதனால்தானோ என்னவோ, நிதி திரட்ட நடக்கும் கச்சேரிகளுக்கு யாரும் விமர்சனம் எழுதுவதில்லை. டிசம்பர் சீசனில் அரை ஸ்வரம் பிசகினாலே எகிறுகிறவர்கள்கூட, ‘நல்ல காரியத்துக்குப் பாடறாங்க, விடுய்யா’ என்று கேன்டீன் பக்கம் போய்விடுகிறார்கள். இந்த வாரம் நான் பல்லைப் பிடித்துப் பார்க்கப் போகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, நண்பர் ஒருவர் வற்புறுத்தியதால் கும்மிடிப்பூண்டி போயிருந்தேன். சென்ட்ரலிலிருந்து புறநகர் ரயில். மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டி இறங்கி, ஜி.என்.டி. ரோட்டில் லாரிகளுக்கு நடுவே ஆட்டோ பிடித்தால் ஒரு கல்யாண மண்டபம். நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிராமத்து ஆரம்பப் பள்ளியின் கூரையைச் சரி செய்ய இன்னிசை இரவு. முதல் மூன்று வரிசையில் சிப்காட் கம்பெனி அதிகாரிகள். பின்னால் குடும்பங்கள். வாசலுக்கு வெளியே, டிக்கெட் வாங்காமல் நின்று கேட்கும் வடநாட்டுத் தொழிலாளிப் பையன்கள். பெயர்கள் எதுவும் வேண்டாம். யார் மனதையும் புண்படுத்துவது நோக்கம் இல்லை.

முதலில் பாட்டு. பாடிய பெண்ணுக்கு நல்ல குரல். ஆனால் பாதி வாத்தியம் லேப்டாப்பிலிருந்து வந்தது. டிராக் ஓடுகிற வேகத்தில் அவர் ஓட வேண்டியிருந்தது; மூச்சு விட இடமில்லை, சங்கதிக்கு இடமில்லை. எட்டரை மணிக்கு அந்த லேப்டாப் மக்கர் பண்ணியது. வேறு வழியில்லாமல் தபலாக்காரரும் அந்தப் பெண்ணும் மட்டும் ஒரு பழைய தெலுங்குப் பாட்டை எடுத்தார்கள். ஆந்திர எல்லை கூப்பிடு தூரம்; அந்தப் பக்கத்தில் பல வீடுகளில் தெலுங்குதான் பேச்சு. மண்டபம் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தது. அன்றைக்கு நடந்த ஒரே கச்சேரி அந்த ஆறு நிமிஷம்தான்.

அடுத்து, பாட்டு சம்பந்தப்படாத பகுதி. அந்தப் பள்ளிக் குழந்தைகள் இருபது பேரை யூனிஃபார்மில் மேடையில் நிற்க வைத்தார்கள். முக்கால் மணி நேரம்! காம்பியர் ஒவ்வொரு பாட்டுக்கு நடுவிலும், ‘இந்தப் பிஞ்சு முகங்களைப் பாருங்கள்’ என்றார். நானும் பார்த்தேன். ஒரு சிறுமி கொசுக்கடி தாங்காமல் ஒரு காலால் மறு காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பையன் நின்றபடியே தூங்கினான். பிறகு கதவளவுக்கு ஒரு அட்டைச் செக் வந்தது. அதைப் பிடித்துக்கொள்ளக் குழந்தைகள் தேவைப்பட்டார்கள். எழுப்பினார்கள்.

சாப்பாட்டுப் பந்தியில் தலைமை ஆசிரியை எனக்குப் பக்கத்து இலை.

“கூரை எப்ப முடியும் டீச்சர்?” என்றேன்.

“கூரைக்கு ஏற்கெனவே யூனியன்ல எஸ்டிமேட் போட்டாச்சு சார். எங்களுக்கு இப்ப அவசரம் தண்ணிதான். மோட்டார் போயி ஏழு மாசமாச்சு. பொண்ணுங்க டாய்லெட்டுக்குப் போறதே இல்ல. காலைல இருந்து தண்ணி குடிக்காம இருந்து, வீட்டுக்குப் போயிடுதுங்க.”

“இவங்ககிட்ட சொல்லலியா?”

“யாரும் கேக்கலியே சார்.”

கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துக் காட்டினார். மோட்டார் ஒன்று. டாய்லெட் கதவுக்குத் தாழ்ப்பாள் இரண்டு. கரும்பலகைக்குப் பெயின்ட். பின்பக்கச் சுவரில் விரிசல், உடனே பார்க்க வேண்டும். இவ்வளவுதான்.

கடைசி ஐட்டத்தைப் படித்ததும் எனக்கு ரசம் இறங்கவில்லை. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தது நினைவிருக்கும். 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் கூரை எரிந்து 94 குழந்தைகள். பள்ளிக்கூடத்து ரிப்பேர் லிஸ்ட் சாதாரணக் காகிதம் இல்லை.

இப்போது உங்களை இதே மாவட்டத்தில் இன்னொரு ரயில் பாதைக்கு அழைத்துப் போகிறேன். அரக்கோணம் பாதையில் திருவள்ளூர் தாண்டியதும் கடம்பத்தூர். பலரும் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுத் தூங்கிப்போகிற ஸ்டேஷன். 1958-ல், இது செங்கல்பட்டு மாவட்டமாக இருந்த காலத்தில், தமிழ்நாட்டின் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு இங்கேதான் நடந்தது. காமராஜர் முதலமைச்சர். பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு. மதிய உணவுத் திட்டத்தை ஊர்மக்கள் நன்கொடையில் ஓட்டிக் காட்டியவர்களுக்கு, அதே மக்களைக் கொண்டு பள்ளிக்கூடத்தையே சரி செய்தால் என்ன என்று தோன்றியது.

செய்த முறைதான் முக்கியம். முதலில் பள்ளிக்கூடம் தன் தேவைகளை லிஸ்ட் எழுத வேண்டும். கரும்பலகை, கடிகாரம், பெஞ்சு, தண்ணீர்ப் பானை, வெள்ளையடிப்பு, புத்தகம், ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை. ஊரார் அதைப் பார்த்துத் தங்களால் ஆனதை ஏற்றுக்கொள்வார்கள். பணம் இல்லாதவர் உடலுழைப்பைத் தரலாம். மாநாட்டு மேடையில் யார் எதைக் கொடுத்தார் என்பது ஊரறிய வாசிக்கப்படும். அந்த வாசிப்புதான் கச்சேரி! கடிகாரம் கொடுத்தவர் மறுநாள் பள்ளிக்கூடம் வழியே போகும்போது அது ஓடுகிறதா என்று எட்டிப் பார்ப்பார். இதைவிடப் பெரிய ஆடிட்டர் உண்டா? கடம்பத்தூரில் ஆரம்பித்தது மாநிலம் முழுக்கப் பரவியது.

இதில் குறை இல்லாமல் இல்லை. வசதியான ஊர்ப் பள்ளி நன்றாகிவிடும், வறண்ட ஊர்ப் பள்ளி வறண்டே கிடக்கும் என்ற ஆபத்து உண்டு. அரசாங்கம் செய்ய வேண்டியதை ஜனங்கள் தலையில் கட்டுவதா என்றும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், கொடுப்பதற்கு முன் கேட்டார்கள் என்பதை மட்டும் மறுக்க முடியாது.

கேட்காமல் செய்தால் பெரியவர்களுக்கே சிக்கல் வரும். 1971 ஆகஸ்ட் 1, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். பங்களாதேஷ் அகதிகளுக்காக ரவிசங்கர் கேட்டுக்கொள்ள, ஜார்ஜ் ஹாரிசன் ஏற்பாடு செய்த கச்சேரி. பகல் ஒன்று, இரவு ஒன்று. ஏறக்குறைய நாற்பதாயிரம் பேர். ரவிசங்கரும் அலி அக்பர் கானும் சுருதி சேர்த்து முடித்ததற்கே கைதட்டினார்கள். இதற்கே இப்படி என்றால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்ற பொருளில் ரவிசங்கர் சொன்ன பதில் பிரசித்தம். கதவு வசூல் 2,43,418 டாலர் 50 சென்ட் யுனிசெஃபுக்குப் போனது. ஆனால் இசைத்தட்டிலும் படத்திலும் வந்த கோடிகள், முன்கூட்டியே வரிவிலக்குக்கு ஏற்பாடு செய்யாததால் அமெரிக்க வருமான வரி இலாகாவில் வருஷக்கணக்கில் சிக்கிக்கொண்டன. அற்புதமான இசை, ஓட்டையான காகித வேலை. பசிக்கு இரண்டும் தெரியாது. சோறு வந்ததா என்பதுதான் தெரியும்.

நம் ஊரிலும் முன்னோடிகள் உண்டு. எம்.எஸ். சுப்புலட்சுமி 1944-ல் கஸ்தூரிபா நினைவு நிதிக்காக ஐந்து கச்சேரிகள் செய்தார். 1974-ல் அவருக்குக் கிடைத்த மகசேசே விருது, சங்கீதத்துக்கான விருது இல்லை. பொதுச் சேவைக்கான விருது. நிதிக்காகப் பாடும்போது பாட்டின் தரத்தை அவர் குறைத்துக்கொண்டதாக யாரும் சொன்னதில்லை. காம்பியர் கண்ணீரும் தேவைப்படவில்லை. நல்ல காரியத்துக்குச் சுமாராகப் பாடினால் போதும் என்று நினைப்பது, கேட்பவர்களையும் வாங்கிக்கொள்பவர்களையும் ஒருசேரக் குறைத்து மதிப்பது.

மண்டபத்தின் முதல் மூன்று வரிசைக்கும் ஒரு வார்த்தை. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய கம்பெனிகள் மூன்று வருட சராசரி நிகர லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் அதே பிரிவு சொல்கிறது. மாரத்தான், விருது விழா, ஸ்பான்சர்ஷிப் மாதிரி ஒரு நாள் கூத்துகள் இந்தக் கணக்கில் சேராது என்று 2014-லேயே மத்திய அரசு விளக்கிவிட்டது. ஆக, பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கு மோட்டார் வாங்கித் தருவதைப் பெரிய கம்பெனி தர்மம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. கடமை, சார்! கடமைக்கு எதற்குக் கதவளவு செக்?

தமிழக அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டமும், பள்ளியின் தேவையைப் பார்த்துக் கொடுங்கள் என்றுதான் சொல்கிறது. சுற்றி வளைத்துக் கடம்பத்தூருக்கே வந்திருக்கிறோம்.

ஆப்பிரிக்கக் கிராமத்துப் பள்ளிக்காக லண்டனில் யாராவது பாடினால், அங்கே என்ன தேவை என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று சுலபமாகக் கேட்டுவிடுவோம். எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக 1985-ல் லைவ் எய்ட் நடந்தபோதும் இந்தக் கேள்வி வந்தது. கும்மிடிப்பூண்டியில் மண்டபத்துக்கும் பள்ளிக்கும் நாலே கிலோமீட்டர். டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்காததால் அதுவும் எத்தியோப்பியா தூரம் ஆகிவிட்டது.

எனவே அடுத்த முறை உங்களிடம் யாராவது இப்படி டிக்கெட் விற்க வந்தால், வாங்குங்கள். வாங்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள். லிஸ்ட் யார் எழுதியது? மேடை, விளக்கு, சவுண்ட் செலவு போக எவ்வளவு போய்ச் சேரும்? எந்தத் தேதியில் கணக்குச் சொல்வீர்கள்? ‘நல்ல காரியத்துல போயி கணக்குக் கேக்கறீங்களே’ என்றால், பாட்டுக்கு ஒன்ஸ் மோர் கேட்கிற உரிமை கணக்குக்கும் உண்டு என்று சொல்லுங்கள்.

டீச்சரின் தாளை அன்றைக்கே நண்பரிடம் கொடுத்தேன். அவர் அசடு வழிந்துகொண்டே வாங்கிக்கொண்டார். மூன்று வாரத்தில் மோட்டார் போட்டுவிட்டார்கள். விலை, சவுண்ட் சிஸ்டம் வாடகையைவிடக் குறைவு. சுவர் விரிசலை ‘பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்’. நான் வாராவாரம் போன் செய்துகொண்டிருக்கிறேன். நண்பர் இப்போதெல்லாம் என் போனை எடுப்பதில்லை.

பழமொழி சொன்னவர் மாட்டை வாங்கிக்கொள்கிறவரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். கொடுக்கிற நாம் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். பல் இல்லாத மாடு புல் தின்னாது. புல் தின்னாத மாடு பால் கறக்காது.