பல்பின் இரைச்சலை யார் கேட்கிறார்கள்?

விலை குறைந்த எல்இடி பல்பு ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். மின்சாரம் நுழையும் இடத்தில் இரைச்சலைத் தடுக்கும் சிறு சுருள் ஒன்றுக்கு இடம் விட்டிருப்பார்கள். பல பல்புகளில் சுருளுக்குப் பதில் ஒரு துண்டுக் கம்பிதான் இருக்கும். வெளிச்சத்துக்குக் குறைவில்லை. ஆனால் உள்ளே நொடிக்குப் பல்லாயிரம் முறை இயங்கி நிற்கும் சுற்றின் இரைச்சல், தடுப்பாரின்றி வீட்டு வயரிங்கில் இறங்கிவிடும். சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸில் கரகரப்பு கேட்டால், முதலில் பல்பை அணைத்துப் பார்க்கலாம்.

சென்னை ரிச்சி தெருவில் விற்கும் பல்பில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) முத்திரையும், 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். 2012 ஆணையில் பிறந்த கட்டாயப் பதிவு முறை இது. முத்திரையைப் பார்த்தவர் எல்லாச் சோதனையும் தேறிய சரக்கு என்றே நம்புவார். அதில் அச்சிட்ட ஐஎஸ் 16102 தரநிலையின் முதல் பகுதியோ ஷாக், சூடு, தீ போன்ற பாதுகாப்பு விஷயங்களைப் பற்றியே பேசுகிறது. தொலைத்தொடர்புக் கருவிகளிலோ இரைச்சலை அளப்பது கட்டாயம். 2019 அக்டோபர் 1 முதல் மோடம், கார்ட்லெஸ் போன் போன்றவை அந்த வளையத்துக்குள் வந்தன. இரைச்சலை அளக்கும் அறையின் சுவரெல்லாம் நுரைக் கூம்புகள். நடுவே சுழலும் மேசையில் கருவி, எதிரே ஆன்டெனா. சென்னைத் தரமணியில் 'சமீர்' ஆய்வு மையம் இவ்வகைச் சோதனை செய்கிறது.

கொழும்பில் வழி வேறு. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, கருவியின் வகைக்கு அங்கீகாரம் தருகிறது. பெரும்பாலும் வெளிநாட்டு ஆய்வக அறிக்கைகளை வைத்தே. இதைச் சோம்பல் என்று சொல்ல மாட்டேன். இரண்டு கோடிச் சொச்சம் பேருக்கான சந்தையில் ஒவ்வொரு மாதிரியையும் மறுபடி சோதிக்கச் சொன்னால், இறக்குமதியாளர் அந்தச் சரக்கையே கைவிடுவார். சிக்கல் வேறிடத்தில்: அறிக்கை பேசுவது ஆய்வகம் கண்ட ஒரு மாதிரியைப் பற்றி, கொள்கலனில் வருவது அதற்குப் பின் செய்த ஆயிரக்கணக்கான பிரதிகள். அவற்றில் சுருள் இருக்கிறதா என்று காகிதம் சொல்லாது. இந்தியச் சான்றிதழுக்கும் இந்தச் சிக்கல் உண்டு.

கொழும்பின் புறக்கோட்டைச் சந்தைக்கு வரும் சாதாரணப் பல்பு ரேடியோக் கருவியல்ல. அதனால் ஆணைக்குழுவின் வகை அங்கீகாரத்துக்கு அது போவதேயில்லை. தொழில்நுட்பம் கைவராததால் அல்ல இந்த ஓட்டை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014/30 நெறி பல்பையும் சேர்த்தே பிடிக்கிறது. அங்கே அனுப்பும் சரக்கில் ஆலைகள் இரைச்சலை வரம்புக்குள் அடக்கித்தான் ஆக வேண்டும்.