பிள்ளைக்குச் சொல்வதும் பிள்ளையிடம் கொடுப்பதும்

இலங்கையில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு உட்காரும் பையன் கடவுளைப் பற்றியும் ஒரு தாள் எழுதியாக வேண்டும். கணிதம், விஞ்ஞானம், தாய்மொழி, ஆங்கிலம், வரலாறு ஆகியவற்றோடு சமயமும் அங்கே கட்டாயப் பாடம். சைவப் பிள்ளைக்குச் சைவநெறி, முஸ்லிம் பிள்ளைக்கு இஸ்லாம், கத்தோலிக்கப் பிள்ளைக்குக் கத்தோலிக்கம். புத்தகம் அரசு கொடுக்கிறது. முதலாம் வகுப்பில் தொடங்கும் பாடம் பதினோராம் ஆண்டு வரை விடாது.

எங்கள் புதுச்சேரியில் நிலைமை வேறு. அரசின் முழுச் செலவில் நடக்கும் பள்ளியில் சமய போதனை கூடாது என்கிறது இந்திய அரசியல் சாசனத்தின் 28-ஆம் பிரிவு. ஆகவே அரசுப் பள்ளியில் படிக்கும் முத்தியால்பேட்டைப் பையனுக்குச் சாமியைச் சொல்லித் தருவது ஆயாவும், தெருக்கோயிலும், ஒலிபெருக்கியும்தான். கிறித்தவப் பள்ளிகளில் வேறு ஒரு வழக்கம். கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போகும் நேரத்தில் மற்றவர்கள் ‘மாரல் சயின்ஸ்’ படிப்பார்கள். பொய் சொல்லக் கூடாது, கீழே கிடந்த பணத்தை ஆசிரியரிடம் கொடுக்க வேண்டும் என்ற ரகம். அந்த மதிப்பெண் ரேங்க்கில் சேராது என்பது முதல் மாதத்திலேயே எல்லாப் பையனுக்கும் தெரிந்துவிடும்.

பெண் பிள்ளைகளை விட்டுவிட்டு ஆண் பிள்ளைகளைப் பற்றி மட்டும் எழுதக் காரணம் உண்டு. இரக்கம், விட்டுக்கொடுத்தல், பிறருக்குப் பரிமாறுதல் எல்லாம் பெண் பிள்ளைக்குக் கேட்காமலேயே பழக்கப்படுத்தப்படுகின்றன. பையனுக்குத் தட்டு தேடி வருகிறது. இந்த வழக்கத்தில் பாக்கு நீரிணையின் இரு கரைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அதனால் ஒரு பையன் அன்புள்ளவனாக வளர்ந்தால், அதற்காக யாரோ மெனக்கெட்டிருக்கிறார்கள் என்று பொருள். அந்த மெனக்கெடல் இரு கரையிலும் எப்படி நடக்கிறது என்பதுதான் இங்கே பேச்சு.

யாழ்ப்பாணத்து முறைக்கு ஒரு தகப்பன் உண்டு: ஆறுமுக நாவலர். யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராக இருந்து, பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்கு பைபிள் மொழிபெயர்ப்பில் துணை நின்றவர். பிறகு 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மிஷன் பள்ளியில் கண்ட வழியையே எடுத்துச் சைவத்துக்குத் திருப்பினார் என்பதுதான் அவருடைய சாமர்த்தியம். பாதிரிமார் கேள்வியும் பதிலுமாக மறையைக் கற்பித்தார்கள். நாவலர் ‘சைவ வினாவிடை’ எழுதினார். அவர்களிடம் வகுப்பு வாரியாகப் பாடப் புத்தகம் இருந்தது. இவர் பாலபாடங்களை அச்சிட்டார். நாலாம் பாலபாடத்தைப் புரட்டினால் கடவுளில் தொடங்கி அருள், கொலை, களவு என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பாடம். பையனுக்குக் கருணையைக் கூட வரிசைப்படுத்திச் சொல்ல முடியும் என்று நம்பியவர் அவர். 1864-இல் சிதம்பரத்திலும் பள்ளி வைத்தார். எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய தூரம்தான் சிதம்பரம். ஆனாலும் அந்த முறை இந்தக் கரையில் யாழ்ப்பாணத்தில்போல வேர் பிடிக்கவில்லை.

அங்கே பிடித்த வேர் இன்றும் தெரிகிறது. யாழ்ப்பாணத்துப் பையன் தேவாரத்தைப் பிசகாமல் சொல்வான். ஞாயிறு காலையில் கோயில் மண்டபத்தில் அறநெறிப் பாடசாலை நடக்கும். விஜயதசமியன்று ஏடு தொடக்கும்போது குருக்களோ ஊர்ப் பெரியவரோ பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் ‘அ’ எழுதுவிப்பார். நவராத்திரிக்குப் பள்ளிக்கூடத்திலேயே வாணி விழா. கத்தோலிக்கருக்கும் அதே ஒழுங்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி, அதற்குத் தேர்வு.

இந்த ஒழுங்குக்கு ஒரு விலையும் இருக்கிறது. சமய பாட நேரம் வந்ததும், பல சமயப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் வகுப்பு பிரிகிறது. ஒரே பெஞ்சில் இருந்த மூன்று நண்பர்கள் மூன்று அறைக்குப் போகிறார்கள். மற்றவன் அறையில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று இவனுக்குத் தெரிய வழியில்லை. இன்னொன்று, பரீட்சை என்று வந்துவிட்டால் பாடம் பாடம்தான். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கே பத்து வயதுப் பிள்ளைகளை வறுத்தெடுக்கும் நாடு அது. திருஞானசம்பந்தர் பால் குடித்த கதையும் அங்கே இரண்டு புள்ளிக் கேள்வியாகிவிடுகிறது. வெள்ளி பின்னேரமும் ஞாயிறும் டியூஷனை நிறுத்தி, அந்த நேரத்தை அறநெறி வகுப்புக்கு விட வேண்டும் என்ற பேச்சு யாழ்ப்பாணத்தில் அவ்வப்போது எழுகிறது. நோக்கம் நல்லதுதான். ஆனால் பிள்ளைக்கு ஒரு வகுப்புக்குப் பதில் இன்னொரு வகுப்பு, அவ்வளவே.

புதுச்சேரியில் ஒழுங்கு கிடையாது. ஊர்வலம் உண்டு.

மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் நின்று பார்த்தால் நான் சொல்வது விளங்கும். மயிலம் முருகன் வருவார், தீவனூர் பிள்ளையார் வருவார், சுற்றுவட்டாரத்துச் சாமிகள் எல்லாம் வரிசையாகத் தீர்த்தவாரிக்கு வந்து நிற்கும். அப்பா தோளில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு எந்தச் சாமி எந்த ஊர் என்று தெரியாது. கரும்புச் சாறு எங்கே என்று தெரியும். வில்லியனூர் திருக்காமீசுவரர் தேரில் இதைவிட விநோதம். பிரெஞ்சு ஆட்சியில் கவர்னர் வந்து வடம் பிடிப்பது வழக்கம். அந்த இடத்தில் இன்று துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். அதே வில்லியனூரில் லூர்து அன்னை திருத்தலம் இருக்கிறது, 1877-இல் தொடங்கியது. அந்தக் கொடியேற்றத்துக்கு ஊர் இந்துக்களும் மெழுகுவத்தி வாங்குவார்கள். ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் கூட்டத்திலும் இரண்டு சமயப் பையன்களும் இருப்பார்கள். போகிற வழியில் யாருக்குக் கால் கொப்பளித்தது என்பதுதான் அவர்கள் பேச்சு.

ஆகஸ்ட் 15 வந்தால் ஊரே குழம்பும். இந்தியாவுக்குச் சுதந்திர நாள், கத்தோலிக்கருக்கு மாதாவின் விண்ணேற்பு, ஆசிரமத்தாருக்கு அரவிந்தரின் பிறந்த நாள். அடுத்த நாளே 16. பிரெஞ்சிந்தியா சட்டப்படி இந்தியாவோடு இணைந்ததை நினைக்கும் நாள். மிட்டாய் எதற்கு என்று கேட்கும் பையனுக்கு ஒரே பதில் சொல்ல முடியாது. எனக்கு இந்தக் குழப்பம் பிடித்திருக்கிறது. அடுத்தவன் சாமியைப் பார்த்துப் பயப்படாத பையன் இப்படித்தான் உருவாகிறான். அதே ஆகஸ்ட் 15-இல் இலங்கையில் மடு மாதா பெருவிழா. தமிழரும் சிங்களவரும் குடும்பத்தோடு மடுக் காட்டில் கூடாரம் போட்டுத் தங்கி, மரத்தடியில் சமைத்துச் சாப்பிடுவார்கள். பள்ளிக்கூடம் மூன்று அறையாகப் பிரித்த நாட்டில் பிள்ளைகள் ஒன்றாகத் தூங்கி எழும் இடம் அந்தக் காடு. போர்க்காலத்தைத் தாண்டியும் அந்த வழக்கம் நிற்கிறது என்பது எந்தப் பாடப் புத்தகத்தின் சாதனையையும்விடப் பெரிது.

ஆனால் எங்கள் ஊர்ப் பையனைக் கூப்பிட்டு, ஏன் அருகம்புல், ஏன் சிலுவை அடையாளம் என்று கேளுங்கள். தலையைச் சொறிவான். ஊர்வலம் காலுக்குப் பழக்கம் தருகிறது. வாய்க்குச் சொல் தருவதில்லை. பெரியவனானதும் சந்தேகம் வந்தால் எதைப் பிடித்துக்கொண்டு யோசிப்பான்? யாழ்ப்பாணத்தானுக்கு மறுப்பதற்காவது ஒரு வாசகம் மனப்பாடமாக இருக்கும்.

வீட்டு மகிழ்ச்சிகளுக்கு வருவோம். இதில் எந்தக் கரை பணக்காரக் கரை என்று தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை, ஆசை மட்டும் உண்டு. சித்திரை வருடப்பிறப்புக்கு யாழ்ப்பாணத்தில் மூலிகை மருத்துநீர் வைத்துக் குளித்து, நல்ல நேரம் பார்த்து, பெரியவர் கையால் கைவிசேஷப் பணம் வாங்குவார்கள். அதன் பிறகு பெடியள், அதாவது பையன்கள், போர்த்தேங்காய் அடிக்கக் கிளம்புவார்கள். எவன் தேங்காய் உடையாமல் நிற்கிறது என்பதில் ஊர் மானமே இருக்கும். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம். தகப்பனும் மகனும் வாரக்கணக்கில் மூங்கில் சீவி, விண் பூட்டி, பறக்கும்போது அது கூவ வேண்டும் என்று பாடுபடுவார்கள். ஆடிப்பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும். அந்த நாளின் குதூகலத்தைப் பிள்ளைகளுக்காகப் பாடி வைத்தவர் நவாலியூர் சோமசுந்தரப் புலவர்.

இங்கே மாலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். அதன் பிறகு அந்தச் சாலை பிள்ளைகளுக்குச் சொந்தம். ஆயுத பூஜையில் பையனுடைய சைக்கிளுக்கும் சந்தனப் பொட்டு, மாலை. ஜூலை 13 இரவு, பிரெஞ்சு தேசிய நாளுக்கு முன்னோட்டமாக, காகித விளக்கு ஏந்தி ஊர்வலம் போவார்கள். பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தாக்கள் வீட்டுப் பேரன்களுக்கு அது இன்றும் பெரிய விஷயம். சாயங்காலம் இரும்புக் குண்டுகளை உருட்டிப் பெத்தாங் ஆடும் அப்பாக்கள், தூரத்தை அளக்கப் பையனைத்தான் கூப்பிடுவார்கள். கிறிஸ்துமஸுக்கு ரவையும் ரம்மில் ஊறிய பழங்களும் சேர்த்த விவிகம் கேக். பாரதி இங்கே 1908 முதல் 1918 வரை பத்தாண்டு இருந்தார். குருவியிடமும் கோழியிடமும் அன்பாயிருக்கச் சொல்லும் அவருடைய பாப்பா பாட்டு அந்தக் காலத்தில் பிறந்தது. ஒரு பெண் குழந்தைக்குச் சொல்வதாக அமைந்த பாட்டு அது. பையன்களுக்கும் அதே பாடம்தான் என்று பள்ளிக்கூடங்கள் எடுத்துக்கொண்டது நல்ல காரியம்.

உயிர்களிடத்து அன்பு என்றதும் இரண்டு யானைகளைச் சொல்லாமல் இருக்க முடியாது. மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி 2022 நவம்பர் 30-ஆம் தேதி காலை நடைப்பயிற்சிக்குப் போன இடத்தில் விழுந்து இறந்தது. கடைகள் அடைத்தார்கள், ஊர் திரண்டு அழுதது. இந்த ஊர்ப் பையன் பயத்தை அடக்கிக்கொண்டு முதலில் நாணயம் நீட்டியது அதன் துதிக்கையிடம்தான். அதே ஆண்டு மார்ச் மாதத்தில் இலங்கையில் நடுங்கமுவ ராஜா இறந்திருந்தது. கண்டிப் பெரகரா ஊர்வலத்தில் புத்தரின் புனிதப் பல்லுக்கான பேழையைச் சுமந்த யானை, மைசூரில் பிறந்தது. அங்கே அரசே மரியாதை செய்தது. இரு நாட்டிலும் பிள்ளைகள் பூ வைத்தார்கள்.

யானை முன்னால் வரிசையில் நிற்கும் எந்தப் பையனும் என்றாவது கேட்டிருப்பான்: “ஏம்பா காலுல சங்கிலி?” இங்கே அப்பா, “சாமி யானைடா, சும்மா இரு” என்பார். அங்கே பதில் இன்னும் பக்தியாக இருக்கும். லட்சுமி உயிரோடு இருக்கும்போதே அதைக் கட்டி வைத்திருப்பது பற்றி விலங்கு நல அமைப்புகள் கேள்வி எழுப்பின, பக்தர்கள் கோபித்தார்கள். என்னைக் கேட்டால், பையன் கேட்ட அந்த இடத்தில்தான் இரக்கம் தலை காட்டுகிறது. அதை நாலாம் பாலபாடமும் மூடக் கூடாது, ஊர்வல மேளமும் மூடக் கூடாது. சங்கிலி ஏன் என்று யோசித்துப் பதில் சொல்லும் அப்பா, பையனுக்குச் சாமியையும் கெடுக்க மாட்டார். நம்மில் பலருக்குப் பதில் தெரியாததால்தான் அதட்டுகிறோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குத் தயக்கமில்லை: பையன் கையால் பிறருக்குக் கொடுக்க வைப்பதில் இலங்கை நம்மை முந்தியிருக்கிறது. நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள். வெயிலில் வருகிறவர்களுக்கு வீதியோரமெல்லாம் தண்ணீர்ப்பந்தல் போடுவார்கள். சர்க்கரைத் தண்ணீரும் மோரும் கரைத்து, குவளை நிரப்பி, “குடிச்சிட்டுப் போங்கோ அம்மா” என்று முன்பின் தெரியாதவரைக் கூப்பிட்டுக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் பெடியள்தான். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகனுக்கு அன்னதானக் கந்தன் என்றே பெயர். அங்கேயும் பந்தியில் ஓடியாடப் பிள்ளைகள் இருப்பார்கள். தேவாரம் ஒப்பித்த வாய்க்கு ஒரு வேலை, கைக்கு ஒரு வேலை.

புதுச்சேரியில் அந்தக் கைவேலை ஒரு காலத்தில் தெருவில் இருந்தது. தீபாவளியன்று முறுக்குத் தட்டு மேல் துணி மூடி, “பக்கத்து வீட்டு அக்காகிட்ட குடுத்துட்டு வாடா கண்ணு, தட்டைக் காலியா வாங்கிட்டு வராதே” என்று ஆயா அனுப்புவாள். கிறிஸ்துமஸுக்குத் தட்டு எதிர்த்திசையில் வரும். தூக்கிக்கொண்டு ஓடுவது எப்போதும் வீட்டின் சின்னப் பையன். இப்போது அப்பார்ட்மென்ட் வந்துவிட்டது. பேக்கரியில் பெட்டியாக வாங்கி, வாட்ஸ்அப்பில் வாழ்த்தோடு முடித்துக்கொள்கிறோம். கோயில் அன்னதானம் பெருகியிருக்கிறது, நன்கொடையாளர் பெயர்ப் பலகையும் பெருகியிருக்கிறது. பந்தியில் பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். வாளியோடு வந்து சாம்பார் ஊற்றுபவர் பெரும்பாலும் கேட்டரிங் ஆள்.