'மருந்து' அதிகாரமும் இரத்த அழுத்தமும்

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து' பெரும்பாலும் பாதியளவே படிக்கப்படுகிறது. முன்னுண்டது செரித்தமை அறிந்து உண்பவர்க்கு மருந்து தேவையில்லை என்னும் 942ஆம் குறளைச் சொல்லி இரத்த அழுத்த மாத்திரையைக் கைவிடுவார், சுங்கை லாலாங் முதலிய கெடா ஊர்களிலும் உளர். அக்குறள் நோய் வாராமற் காப்பதைப் பற்றியது. வந்த நோய்க்கு விதி கூறுவன 948 முதலான மூன்றுமே.

இவற்றுள் 949 நுட்பமானது. நோயுற்றவன் அளவு என்பதனுள் பரிமேலழகர் பருவத்தையும் அடக்குவார். பிணியளவைச் சாத்தியம், அசாத்தியம், யாப்பியம் எனப் பிரிப்பார். யாப்பியமாவது முற்றும் தீராது, மருந்துள்ள அளவும் அடங்கியிருப்பது. இரத்த அழுத்தத்திற்கு இதனினும் பொருந்திய சொல் உண்டோ? நாற்பது வயதினர் தலைவலி இல்லையென்று மருந்தை விடுகின்றனர். நோயோ ஓசையின்றிச் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது.

முதியோர்க்கு 'இனி எதற்கு' என்பாரும் உளர். எண்பது கடந்தோரிடையும் மருந்தால் மரணமும் இதய நலிவும் குறைந்தமையை 2008இல் வெளிவந்த 'ஹைவெட்' ஆய்வு காட்டிற்று. ஆயினும் அது மேலழுத்தத்தை 150க்கே இறக்க முயன்றது. எழுந்தவுடன் தலைசுற்றும் முதியவர்க்கு மருத்துவர் மருந்தைச் சுருக்குவதும் பருவம் நோக்கியதே.

950ஆம் குறள் உழைச்செல்வானையும் மருந்தின் கூறாக எண்ணுகிறது. வகுப்பில் அச்சொல்லுக்கு, பாட்டிக்கு வேளையறிந்து மாத்திரை எடுத்துக்கொடுக்கும் பேரப்பிள்ளையைச் சுட்டினால், மாணவர்க்கு வேறு உரை வேண்டாம்.