குமாஸ்தா லாம்பின் வீடு

ஆங்கிலப் பள்ளியில் பயின்ற நம்மவருள் பெரும்பாலோர்க்குச் சார்லஸ் லாம்ப் என்பவர், தம் தமக்கை மேரியுடன் சேர்ந்து ஷேக்ஸ்பியர் நாடகங்களைச் சிறுவர்க்குக் கதையாக்கித் தந்தவர் என்ற அளவிலேயே நினைவிருக்கும். அவர் கிழக்கிந்தியக் கும்பெனியின் லண்டன் ஆபீஸில் 1792 முதல் 1825 வரை கணக்கெழுதிய குமாஸ்தா, மணஞ்செய்யாதவர், அடிக்கடி வீடு மாறியவர். இம்மூன்றையும் கருதாது ‘ஈலியா’ கட்டுரைகளைப் படிப்போர் அவரை வெறும் விகடக்காரர் என்று முடிவு கட்டுகின்றனர். அம்முடிவு பிழை என்பதே நமது கட்சி.

நாம் அந்நூலை மீண்டும் எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. நமது தோட்டத்துப் பெரிய கிராணி ஐம்பதைத் தாண்டிய தனிக்கட்டை. தோட்டம் வீடமைப்புக்காக விலையாகிவிட்டது. குடியிருப்பைக் காலி செய்யவேண்டும். “தம்பி வீட்டோடு இருந்துவிடுங்கள், அண்ணே” என்பது உறவினர் தீர்ப்பு. அவரோ பட்டணத்தின் நடுவே தமக்கென ஓர் அறை வேண்டுமென்கிறார். வீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது “குடும்பம் உண்டா?” என்பது, இல்லையென்றால் கதவு சாத்தப்படுகிறது. “இங்கிலீஷ் படித்தவனாயிற்றே, இதற்கு உன் புத்தகங்களில் வழி இருக்கிறதா, தம்பி?” என்று அவர் பாதி வேடிக்கையாகக் கேட்டார்.

லாம்ப் பிறந்ததும் நெடுங்காலம் வாழ்ந்ததும் வழக்கறிஞர் குடியிருந்த டெம்பிள் என்னும் அமைதியான பகுதி. 1817-ல், தமது நாற்பத்திரண்டாம் வயதில், அங்கிருந்த அறைகள் பழுதாகி அழுக்கடைந்துவிட்டன என்று அவர் வீடு மாறினார். எங்கே? தோட்டம் துரவு தேடியன்று. கோவெண்ட் கார்டன் காய்கறிச் சந்தையை அடுத்த ரஸல் தெருவில், ஒரு கன்னார் கடையின் மேல்மாடிக்கு! ஒருபுறம் டுரூரி லேன் நாடகசாலை, மறுபுறம் கோவெண்ட் கார்டன் நாடகசாலை, அருகே திருடரை விசாரிக்கும் போ தெரு நீதிமன்றம். குடிபுகுந்த ஒருநாள் கழியுமுன் மேரி சன்னலிலிருந்து ஒரு திருடனைக் கண்டுவிட்டாள் என்று கடிதத்தில் பூரித்து எழுதுகின்றார். கும்பலை விரும்பும் இக்குணம் திடீரென வந்ததன்று. 1802-லேயே ‘லண்டன்வாசி’ என்ற கட்டுரையில் அதனை வெளியிட்டிருக்கின்றார்.

இதை வெறும் உல்லாசம் என்பார் மேரியின் கதையை மறந்தவராவர். 1796-ல் சித்தப்பிரமையின் வேகத்தில் அவள் தாயைக் கொன்றாள். தம்பி அவளைக் காக்கும் பொறுப்பை ஏற்றார். அதுமுதல் அக்கம்பக்கத்தார் பேச்சு இருவரையும் தொடர்ந்தது. ஊரார் கண்ணுக்குக் குறி இடப்பட்டவர்போல் ஆனோம் என்ற வருத்தம் 1800-ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் தெரிகிறது. யார் யாரோ வந்துபோகும் சந்தைத் தெருவில் உங்கள் பூர்வோத்தரத்தை விசாரிக்க யாருக்கு நேரம்? லாம்பின் பட்டணப் புகழ்ச்சியினடியில் இந்த நிம்மதி இருக்கிறதென்றே நாம் படிக்கிறோம். தனியாளுக்குக் கதவு சாத்தும் ஊரில் வாழ்வோர்க்கு இது எளிதில் விளங்கும்.

(இதே கும்பெனி ஆபீஸில் 1795-ல் பதினான்கு வயதுக் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர்தாம் பின்னர் 1819-ல் சிங்கப்பூரில் வந்திறங்கிய ராபிள்ஸ். குமாஸ்தாக்களை இகழ்வோர் கவனிப்பார்களாக!)

ரஸல் தெரு அவருக்குக் கொடுத்தது மிகுதி. ஈலியா என்ற புனைபெயர் 1820-ல் பிறந்தது அங்கிருந்தபோதுதான். டுரூரி லேனில் நடித்த பேன்னி கெல்லியை 1819-ல் மணக்கக் கேட்டதும், அவள் மறுத்ததும் அந்நாட்களிலேதான். பிறவாத பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் 1822-ஆம் ஆண்டுக் ‘கனவுக் குழந்தைகள்’ கட்டுரையும் அக்காலத்ததே. மணமானவர்கள் தனியாளை நடத்தும் விதம்பற்றி அவர் எழுதிய முறையீட்டைச் சிரித்துக்கொண்டே படித்தவர்கள், இதனையும் உடன் படிக்கட்டும். விலையும் உண்டு. நாடகம் பார்க்க வந்தவரெல்லாம் மாடியேறிவிட, தனித்திருக்க ஒரு நாழிகையும் வாய்க்கவில்லை என்று 1818-ல் புலம்புகின்றார். எழுதுவதற்காக ஊர்ப்புறத்தில் வேறு அறை அமர்த்த நேர்ந்தது.

நமக்கு அவரிடம் குறையாகப்படுவது ஒன்று. 1823-ல் நகரோரத்து இஸ்லிங்டனுக்குப் பெயர்ந்தார். 1825-ல் உபகாரச் சம்பளத்துடன் விலகி ‘ஓய்வுபெற்ற மனிதர்’ கட்டுரையை எழுதினார். வேலையற்றவன் நகரத்தில் இஷ்டம்போல் உலாவும் களிப்பு அதில் மிக அழகாக அமைந்திருக்கிறது. ஆயின் அது நடந்தால் நகரை எட்டிவிடும் தூரத்திலிருந்தவனின் களிப்பு. அதையே எல்லா ஓய்வுக்கும் பொதுவாக்கிக் காட்டியது பொருந்தாது. 1827-ல் என்பீல்டு கிராமத்துக்குச் சென்ற பின் அவரே அலுத்தார். 1829-ல் லண்டனைப் பார்க்கப் போய், தெருக்களும் கடைகளும் இருக்கின்றன, பழைய நண்பர்களோ இல்லை என்று எழுதினார். இக்கடிதத்தைக் கட்டுரையின் பின்னே வைத்துப் படித்தாலன்றி அக்கட்டுரை முழுமையாகாது.

இவற்றையெல்லாம் பெரிய கிராணியிடம் ஒரு மாலை முழுதும் சொன்னோம். “கன்னார் கடைச் சத்தம் போதும், மீதியைப் பிறகு பார்ப்போம்” என்றார். ஞாயிறன்று ரயிலடிக்கு அருகே ஒரு கடைமாடி அறையைப் பார்த்து வந்தார். குடும்பமுண்டா என்று அங்கே யாரும் கேட்கவில்லையாம். படிகள் இருபத்திரண்டு; முழங்கால் இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதே இப்போது அவர் போடும் கணக்கு.