மங்குஸ்தானும் எடராவோனும்

குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் மெயினருவிப் பக்கம் மங்குஸ்தான் கடைகள் வந்துவிடும். "வாதம் வந்தவங்களுக்கு நல்லது அண்ணாச்சி, ஆன்டிஆக்சிடன்ட் உள்ளதுல்லா" என்றார் ஒரு கடைக்காரர். (அவர் சொல்லும் சமாச்சாரம் பெரும்பாலும் இருப்பது நாம் தூக்கிப் போடும் தோலில்!) சிரித்துக்கொண்டே ஒரு கிலோ வாங்கினேன். ஆனால் இதே நம்பிக்கை ஆஸ்பத்திரியில் எடராவோன் என்ற பெயரில் டிரிப்ஸாக ஏறும்போது யாரும் சிரிப்பதில்லை.

யோசனையில் தப்பில்லை. மூளையில் ரத்தக்குழாய் அடைத்தால் செல்கள் பட்டினி கிடக்கும். அடைப்பு விலகி ரத்தம் திரும்பும்போது ஃப்ரீ ராடிக்கல்கள் பெருகி அந்தச் செல்களையே அரிக்கும். அதைத் தடுத்தால் எலி பிழைக்கிறது. மனுஷன்?

என்எக்ஸ்ஒய்-059 கதையைப் பாருங்கள். அஸ்ட்ராஜெனிகாவின் மருந்து. 2006-ல் வெளியான முதல் பெரிய ஆய்வில் சுமார் 1,700 பேர். ஊனம் கொஞ்சம் குறைந்தது மாதிரித் தெரிந்தது. அடுத்து 3,300 பேர், ஆறு மணி நேரத்துக்குள் மருந்து. 2007-ல் முடிவு: போலி மருந்துக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. பிறகு பழைய விலங்கு ஆய்வுகளைத் தோண்டினால், எந்த எலிக்கு மருந்து என்று குலுக்கல் போட்டுப் பிரிக்காத ஆய்வுகளில்தான் பலன் பெரிதாக இருந்திருக்கிறது.

எடராவோன் தப்பித்தது. ஜப்பான் 2001-லேயே அனுமதி கொடுத்துவிட்டது. ஆதாரமாகக் காட்டப்படும் முக்கிய ஆய்வில் இருந்தவர்கள் வெறும் 252 பேர். அனுமதியும் வாதம் வந்து 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான். அமெரிக்கா 2017-ல் இதை ஏஎல்எஸ் என்ற வேறொரு நரம்பு நோய்க்கு அனுமதித்தது, பக்கவாதத்துக்கு இல்லை. சீனாவில் இதோடு டெக்ஸ்போர்னியோல் சேர்த்து 1,165 பேரிடம் பார்த்தார்கள், நல்ல பலன் என்றார்கள். ஆனால் ஒப்பிட்டது எதோடு? தனி எடராவோனோடு! அப்படியென்றால் எடராவோன் தனியாக வேலை செய்கிறதா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டியைக் கருவி விட்டு வெளியே எடுக்கும் இந்தக் காலத்தில் ரத்தம் நிஜமாகவே திரும்புகிறது. இந்த யோசனைக்கு மறுபடி உயிர் வரலாம். என் கோபம் நேரத்தைப் பற்றியது.

பெரியப்பாவுக்கு வாய் கோணியது காலை ஆறு மணிக்கு. "வாதக்காத்து, எண்ணெய் தேய்ச்சா சரியாயிரும்" என்று மத்தியானம் வரை வீட்டில் உட்கார்ந்திருந்தோம். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்கே ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்தத் தப்பு எங்களுடையது. ஆனால் ஐந்தாம் நாள், "மூளையைக் காப்பாத்தும்" என்று சொல்லி எடராவோன் ஏற்றினார்களே ஒரு ஆஸ்பத்திரியில், அதற்கு எந்த ஆய்வு ஆதாரம் என்று கேட்க எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. பில்லைக் கட்டினோம்.

மங்குஸ்தான் அவருக்குப் பிடிக்கும். வலது கை இன்னும் சரியாகவில்லை, உரித்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.