வட்டைக்குள் ஒரு வாடி

அம்பாறை மாவட்டத்துச் சொறிக்கல்முனையில் கூடாரம் அடித்துத் தங்க மலைப் பள்ளத்தாக்கு இல்லை. எங்களுக்கு இருப்பது வயல்வட்டையும் அதற்குள் ஒரு காவல் வாடியும்தான். இமயமலைப் பக்கம் பணம் கட்டித் தேடிப் போகிற அமைதி, மாரிப்போகத்தில் கதிர் வரும் நாட்களில் இங்கே காவலிருப்பவருக்குச் சும்மா கிடைக்கிறது.

வாடி கட்டுவது நல்லதொரு கைவேலை. காட்டுக்கம்புகளை நட்டு, குறுக்குத் தடி போட்டுப் பரண் கட்டுவார்கள். கூரைக்குக் கிடுகு. அதைக் கீழிருந்து மேலாகத்தான் வேய வேண்டும். மேல்வரி கீழ்வரியின் தலையை மூடினால்தான் மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடும். ஆணி வேண்டாம், கயிற்றுக்கட்டே போதும். அறுவடை முடிந்ததும் அவிழ்த்துக் கம்புகளை அடுத்த போகத்துக்கு எடுத்து வைக்கலாம். இதைவிடச் சிக்கனமான வீட்டை நான் பார்த்ததில்லை.

இரவில் வாசலில் பெரிய கட்டையாகப் பார்த்துத் தீ மூட்டுவார்கள். தணலில் சுட்ட கருவாடு, சோறு, தேங்காய்ச் சம்பல். பிறகு உள்ளங்கைச் சீனியை நக்கி நக்கிக் குடிக்கும் வெறுந்தேத்தண்ணி. அந்த ருசி எந்தக் கடையிலும் வராது. 1949இல் தொடங்கிய கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் தண்ணீர் பக்கத்து வாய்க்காலில் ஓடிக்கொண்டிருக்கும்.

பன்றியும் யானையும் வரும் இடம் இது. தங்கிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் காவல்காரரிடம் கேட்டு, அவரோடு மட்டும் போங்கள். போகும்போது தேயிலையும் சீனியும் வாங்கிக்கொண்டு போங்கள்.