ஈழத்துப் பாரசீகக் கோயில்

சிங்கப்பூர் ஹில் தெருவில் 1835ஆம் ஆண்டு எழுந்த ஆர்மீனியக் கோயிலைக் காண்போர் பலர். அதனைக் கட்டியோர் எத்துணைச் சிறு கூட்டத்தினர் என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. பாரசீக நாட்டு இசுபகான் நகரை மூலமாகக் கொண்டு கடல்வழிப் பரவிய வணிகர் அவர்கள். துறைமுகத்திற் கடை வைத்தவர்கள் தம் கடவுட்கும் ஓர் இல்லம் எடுத்தனர். ஈழத்தில் இருந்து மறைந்துபோன பழங் கிறித்தவக் கோயிலை ஆராயப் புகுவோர்க்கு இஃதொரு நல்ல தோற்றுவாய்.

அக்கோயிலைப் பற்றி எழுதி வைத்தவர் அலெக்சாந்திரிய நகரத்துக் காஸ்மாஸ். முதலில் வணிகர், பின்னர்த் துறவி. கி.பி. 550ஐ ஒட்டி அவர் இயற்றிய நூல், உலகம் மூடியிட்ட பேழை போன்றது என்று நிறுவ முயல்வது. அது கண்டு நகைத்து நூலையே ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், விண்ணைப் பற்றிப் பிழைபட்டவர் சரக்கைப் பற்றியும் பிழைபடுவார் என்பது என்ன நியாயம்? மிளகு நாட்டுத் துறைகளாக அவர் கூறும் ஐந்தனுள் மூன்று 'பட்டினம்' என்னும் ஈறு கொண்டவை. 'காபேர்' என அவர் குறித்த துறை காவிரிப்பூம்பட்டினமே என்பர் ஆராய்ச்சியாளர். சந்தையறிந்தவர் கணக்கு இது. ஈழத்துச் செய்தியுள் ஒரு பகுதி சோபாத்ரர் என்னும் வணிகர் வாய்க்கேட்டது என்பதையும் அவர் மறைத்திலர்.

இனி, அவர் சொல்லாததைச் சொன்னதாகக் கொள்வது மற்றொரு பிழை. ஈழத்தில் கோயில் இருந்தது என்ற அளவில் நின்று, அது தமிழர் திருச்சபை என்றோ சிங்களர் திருச்சபை என்றோ முடிவு கட்டுதல் பொருந்தாது. அங்குக் குடியேறிய பாரசீகரின் கோயில் என்றும், குரு பாரசீகத்திலிருந்தே அமர்த்தப்பட்டவர் என்றும், நாட்டு மக்களும் மன்னரும் வேற்றுச் சமயத்தார் என்றும் அவர் ஐயத்திற்கு இடமின்றிக் கூறுகிறார்.

1912இல் அநுராதபுரத்து அகழ்விற் கிடைத்த கற்றூண் துண்டு இதற்குத் துணையாகும். படிப்பீடத்தின்மேல் இருபுறமும் இலை விரியச் சிலுவை ஒன்று அதிற் செதுக்கப்பட்டுள்ளது. இதனைப் போர்த்துக்கேயர் பணி எனக் கருதியதும் உண்டு. அவர்கள் ஈழத்திற்கு வந்தது 1505இல்; அநுராதபுரமோ சோழர் படையெடுப்பால் அதற்கு ஐந்நூறு ஆண்டு முன்னரே தலைமையிழந்த நகர். பரங்கிமலைச் சிலுவையோடு இதனை ஒப்பிட்டுப் பார்ப்பின் பாரசீகத் தொடர்பே வலுப்பெறும்.

எனினும் கல், பேசிய மொழியைச் சொல்லாது. சிங்கப்பூர் ஓப்பீர்ச் சாலையில் தமிழ்க் கத்தோலிக்கர்க்காக 1888இல் எழுந்த லூர்து அன்னை கோயிலுக்குப் பெயரும் வடிவும் பிரான்சு நாட்டின. அங்கு ஒலித்ததோ தமிழ். அதன் கல்லொன்றை ஆயிரம் ஆண்டு கழித்துத் தோண்டி எடுப்பவன் இதனை எங்ஙனம் அறிவான்?

ஆதலின் மொழியைத் தேடும் தமிழாசிரியர் கல்லை விட்டுச் செப்பேட்டை நோக்குதல் நன்று. கி.பி. 849இல் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு அளிக்கப்பட்ட செப்பேடு வட்டெழுத்தில், அக்காலத் தமிழில் அமைந்தது. (மலையாளத்தார் அதனைத் தம் மொழியின் விடியல் என்பர், அப்பூசல் ஈண்டு வேண்டா.) ஈழவர், வண்ணார் முதலிய குடிகளும் நிறைகோல் அளவை உரிமையும் பள்ளிக்கு ஒப்படைக்கப்பட்டமை அதனால் தெரிகிறது. இறுதியில் ஒப்பமிட்ட சான்றாளர் எழுத்துகளோ பகலவி, கூபி, எபிரேயம்.